ஜெபசுதா டீச்சர் எரித்த போர்டு

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியது. நான் ஊற்றினேன். அம்மா டார்ச் பிடித்தாள். டார்ச் பிடிப்பவருக்கு வேலை இல்லை என்று நினைப்பவர்கள் என் அம்மாவைப் பார்த்ததில்லை.

“சிந்துது.”

“சிந்தல.”

“மூணாவது செல்லுக்குக் கூடப் போச்சு. மிதவையப் பாரு.”

“வெளிச்சம் என் கண்ணுல அடிக்குதும்மா. செல்லுல அடி.”

“டார்ச் பிடிக்க எனக்குச் சொல்லித் தாரியா? இத்தன வருஷம் லேப்ல என்ன பாட்டா பாடினேன்?”

பாடவில்லை. தூத்துக்குடியில் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேப் இன்ஸ்ட்ரக்டராக இருந்தாள். பதவியின் பெயரில் டீச்சர் என்ற சொல் கிடையாது. ஆனால் பிரின்சிபாலில் தொடங்கி கேண்டீன்காரர் வரை எல்லோருக்கும் அவள் ஜெபசுதா டீச்சர். நாசரேத்தில் சர்ச் உபதேசியார் ஒருவரின் மகள். யாரையும் எதற்கும் திட்டமாட்டாள், திருத்துவாள். திட்டினால் தேவலை என்று இருக்கும்.

பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிய அடுத்த வாரம், ஒரு காலை, அம்மா எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். அதைப் பற்றி இதற்கு மேல் எனக்கு எழுத வராது. அவளுடைய போர்டைப் பற்றி எழுத வரும்.

அது ஒற்றைப் பலகைக் கம்ப்யூட்டர். சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைப் பலகை. பிராசசர், மெமரி, ஃப்ளாப்பி டிரைவை ஓட்டும் சிப் எல்லாம் அதிலேயே இருக்கும். மேலே கூடு கிடையாது. அம்மா வேலைக்குச் சேர்ந்து சில வருடம் ஆனபோது மெட்ராஸிலிருந்து லேபுக்கு வந்தது. பாலிடெக்னிக்கின் முதல் கம்ப்யூட்டர். கொண்டுவந்தவர் லேபின் தலைவர் பவுல் சார். தன் கைப்பட ஓடவிட்டு எல்லோருக்கும் காட்டினார். வேறு யாரும் தொடக்கூடாது என்றார். பிறகு மனம் இரங்கி, அம்மா மட்டும் தொடலாம் என்றார்.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வந்த திங்கட்கிழமை அம்மா தொட்டாள். சுவிட்சைப் போட்டாள். பலகை ஓடவில்லை.

பவுல் சாரின் விசாரணை சுருக்கமாக நடந்தது.

“சுவிட்ச் போட்டது யாரு?”

“நான்தான் சார்.”

“பவர் சப்ளை ஒயர மாத்திக் குடுத்திருக்க. எரிஞ்சு போச்சு.”

“மாத்திக் குடுத்திருந்தா கெப்பாசிட்டர் வெடிச்சிருக்கும் சார். வெடிக்கல. புகையும் வரல.”

“சுவிட்ச் போட்டது யாரு?”

அவ்வளவுதான். அடுத்த ஆண்டு கம்ப்யூட்டர் லேப் என்று தனியாக ஒன்று தொடங்கினார்கள். அம்மாவை அங்கே அனுப்பவில்லை. வயரிங் லேபிலேயே வைத்துவிட்டார்கள். ஓய்வுபெறும்வரை இரண்டு பல்பு, இரண்டு சுவிட்ச், மாடிப்படி சர்க்யூட். மாணவர்கள் போனில் படம் பார்க்கும் காலம் வந்த பிறகும் அதே மாடிப்படி.

பவுல் சார் கெட்டவர் இல்லை. இது அம்மாவே சொன்னது. அவருக்கு ஒரு நகைச்சுவை கிடைத்துவிட்டது, அவரால் அதை விட முடியவில்லை, அவ்வளவுதான். புது மல்டிமீட்டர் வந்தால், “ஜெபசுதா, நீ தூர நின்னு பாரும்மா.” அம்மா ஓய்வுபெற்ற நாளில், தாம் ஓய்வுபெற்றுப் பல வருடம் ஆகியும் சாத்தான்குளத்திலிருந்து பஸ் பிடித்து வந்து மேடையில் பேசினார். “டீச்சர் நம்ம டிபார்ட்மெண்டுக்கு எவ்வளவோ வெளிச்சம் குடுத்திருக்காங்க. ஒரே ஒரு தடவ புகையும் குடுத்திருக்காங்க.”

அரங்கமே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து, போர்த்திய பொன்னாடையைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: “புகையே வரலளா.”

பழைய சாமான்களை எடைக்குப் போட்டபோது அந்தப் பலகையை அவள் வாங்கி வந்திருந்தாள். சமையல் அலுமினியத் தாளில் சுற்றி, பீரோவில், கல்யாணப் பட்டுக்குக் கீழே வைத்திருந்தாள். பட்டை வெளியே எடுத்ததைவிடப் பலகையை வெளியே எடுத்ததுதான் அதிகம்.

நான் கோயம்புத்தூரில் சின்னக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதுகிறேன். இந்த மே மாதம், வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கி தூத்துக்குடி டூவிபுரம் வீட்டுக்கு வந்தேன். அம்மா காப்பி கொடுத்தாள். பிறகு பீரோவைத் திறந்தாள்.

“இத நான் எரிக்கலன்னு நீ எனக்குக் காட்டித் தரணும்.”

“எரிச்சிருந்தா?”

“எரிச்சிருந்தா அதையும் காட்டு. ஆனா எரிக்கல.”

சாப்பாட்டு மேஜையில் பலகையை வைத்தோம். கரண்ட் லிமிட் உள்ள பவர் சப்ளை கொண்டுவந்திருந்தேன். எங்கேயாவது ஷார்ட் இருந்தால் கரண்ட் ஏறாமல் பிடித்துக்கொள்ளும். சுவிட்சில் கை வைத்தேன்.

“நில்லுளா. ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணிருவோம்.”

“கரண்ட் லிமிட் வச்சிருக்கேம்மா.”

“அது போர்டுக்கு. இது எனக்கு.”

ஜெபம் ஒரு நிமிஷத்தில் முடியவில்லை. பலகையைச் செய்தவர்கள், அதை மெட்ராஸிலிருந்து ஏற்றி வந்த லாரி டிரைவர், என் கல்யாணம், எல்லாம் வந்தன. பவுல் சாரின் முழங்கால்வலியும் வந்தது. ஆமென் சொல்லிச் சுவிட்சைப் போட்டேன்.

புகை வரவில்லை. பலகையிலேயே பதிந்திருக்கும் சிறிய ப்ரோகிராம் விழித்து, என் லேப்டாப் திரையில் ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டது. பிராசசருக்கு உயிர் இருக்கிறது. மெமரிக்கும் இருக்கிறது.

“பாத்தியா! இப்பவே பவுல் சாருக்குப் போனப் போடு.”

போட்டேன். மணி அடிப்பதற்குள் அவளே பிடுங்கிக் கட் பண்ணினாள்.

“வேண்டாம். ஓஎஸ் வந்துச்சான்னு கேப்பாரு.”

ஓஎஸ் என்பது சி.பி/எம். விண்டோஸுக்கும் டாஸுக்கும் முந்தையது. ஃப்ளாப்பியிலிருந்து அது மெமரிக்குள் ஏறிவிட்டால், திரையில் A என்ற எழுத்தும் பக்கத்தில் ஓர் அம்பு முனையும் வரும். பவுல் சார் அன்று எல்லோருக்கும் காட்டியது அதைத்தான். அந்த A வந்தால்தான் பலகை எரியவில்லை என்று ஒத்துக்கொள்ளவேண்டும், வராவிட்டால் இல்லை. இது பவுல் சாரின் சட்டம் இல்லை. அம்மாவின் சட்டம்.

பழைய ஃப்ளாப்பி டிரைவின் பெல்ட் இளகி அல்வாவாகியிருந்தது. அதற்குப் பதில், ஃப்ளாப்பி டிரைவ் மாதிரி நடித்துக்கொண்டு பென்டிரைவிலிருந்து படிக்கும் சிறிய பெட்டி ஒன்றை வரவழைத்தேன். இந்தப் பலகைக்குத் தக்கபடி ஓஎஸ்ஸின் அடிப்பகுதியை நானே எழுதினேன். அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, நான் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் பார்த்தாள். நான் ஒரு வரியை அழித்தால் சந்தோஷப்பட்டாள்.

ஓஎஸ் ஏறவில்லை. சில நேரம் பாதி படித்துவிட்டு நின்றது. சில நேரம் ஒன்றையுமே படிக்கவில்லை.

“ஒன் பென்டிரைவத்தான் நான் சந்தேகப்படுதேன்” என்றாள் அம்மா.

“உன் சிப்பத்தான் நான் சந்தேகப்படுதேன்.”

இந்தக் கட்டத்தில்தான் சீனித்தாய் பெரியம்மை தினமும் வரத் தொடங்கினாள். அம்மாவின் லேபில் அட்டெண்டராக இருந்தவள். அம்மாவைவிட மூத்தவள். இப்போது எங்கள் தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருக்கிறாள். எங்களுக்குள் சொந்தம் ஒன்றும் கிடையாது. அவர்கள் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அம்மா போவாள், எங்கள் கிறிஸ்மஸுக்கு அவள் அதிரசம் சுடுவாள். அந்த அளவுக்குச் சொந்தம். பவுல் சார் மேல் அம்மாவுக்கு இல்லாத கோபமெல்லாம் பெரியம்மையிடம் பத்திரமாக இருந்தது.

“டீச்சர், மவளுக்கு மாப்பிள பாக்காம ரெண்டு பேரும் இந்தப் பலகையப் பாத்துக்கிட்டு இருக்கிய.”

“பலக முடியட்டும் சீனியக்கா. மாப்பிள எங்கன போயிரப் போறாரு.”

“அந்த மனுசன் வாய அடைக்கணும். ஏளா பெனிஷா, இன்னும் எம்புட்டு நாளு?”

“தெரியல பெரியம்மை. காலையில மோசமா இருக்கு. மதியானம் கொஞ்சம் படிக்குது.”

“ஒன்ன மாதிரிதான்” என்றாள் அம்மா. “காலையில எழும்பாது.”

கேலிதான். ஆனால் பெரியம்மை போன பிறகு எனக்கு அது உறைத்தது. காலையில் மோசம், வெயில் ஏறினால் தேவலை. அப்படி ஒரு கோளாறு பென்டிரைவின் கோளாறாக இருக்காது. ஈரத்தின் கோளாறு. கடலோரக் காற்று ராத்திரியெல்லாம் பலகையில் இறங்குகிறது. எங்கேயோ ஏதோ அதைக் குடித்துக்கொண்டு, கடத்தக்கூடாத இடத்தில் கரண்டைக் கடத்துகிறது.

ஃப்ளாப்பியை ஓட்டும் சிப்தான் பலகையிலேயே பெரியது. சாக்கெட்டில் சொருகியிருந்தது. சின்ன ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு பக்கமும் மாறி மாறி நெம்பிக் கழற்றினேன். அடியில், சாக்கெட்டின் நடுவில், ஏதோ காய்ந்து படிந்திருந்தது. பழுப்பு மஞ்சள். அதில் சிவப்புத் துணுக்குகள். சுற்றிலும் கால்களில் பச்சைக் களிம்பு.

“என்னம்மா இது? துருவா? இவ்வளவு மஞ்சளா இருக்கு.”

அம்மா லென்ஸை எடுத்துப் பார்த்தாள். மேஜையோடு மூக்கை வைத்து மோந்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

“சந்தனம்ளா.”

“என்னது?”

“சந்தனம். குங்குமம். பொட்டு.”

அந்த ஆண்டு ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தின நாள், லேபில் பூஜை போட்ட அன்று, பவுல் சார் லீவு. ஒவ்வோர் ஆண்டும் அன்று லீவு போட்டுவிடுவார். சர்ச்சில் சபைக் கமிட்டியில் இருந்தார். பூஜைப் பொரியை வாங்கினால் சபையில் பேச்சு, வாங்காவிட்டால் லேபில் பேச்சு. லேபில் அம்மாவும் சீனித்தாய் பெரியம்மையும்தான். பெரியம்மை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். ஆசிலாஸ்கோப், மீட்டர்கள், சால்டரிங் அயர்ன், ஃபேன் ரெகுலேட்டர். புதுப் பலகைக்கு மட்டும் வைக்கவில்லை. யாரும் தொடக்கூடாது என்பது சாரின் உத்தரவு.

அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை.

“எல்லாத்துக்கும் வச்சிட்டு புதுசா வந்தத மட்டும் விட்டா பாவம்லா. நான்தாம்ளா சொன்னேன், சீனியக்கா, இதுக்கும் ஒண்ணு வைங்கன்னு.”

நாசரேத் உபதேசியார் மகள். நான் அவளைப் பார்த்தேன். அவள் பலகையைப் பார்த்தாள்.

பெரியம்மை தண்ணீர் விட்டுத் தாராளமாகக் குழைத்த சந்தனத்தை, இருப்பதிலேயே பெரிய சிப்பின் தலையில் வைத்தாள். அது ஓரமாக வழிந்து சாக்கெட்டுக்குள் இறங்கியது. திங்கட்கிழமை காலை, சார் பார்த்தால் சத்தம் போடுவார் என்று அம்மா முந்தானையால் துடைத்தாள். மேலே மட்டும் துடைத்தாள். பிறகு சுவிட்சைப் போட்டாள். ஈரச் சந்தனம் கரண்டைக் கடத்தும். காய்ந்தால் கடத்தாது எனலாம். எங்கள் ஊர்க் காற்றில் எது முழுதாகக் காய்ந்தது?

“அப்போ நீ எரிக்கலம்மா” என்றேன்.

“எரிக்கல.”

“கெடுத்துட்ட.”

“ஆமா” என்று மறுபடி சிரிக்கத் தொடங்கினாள். “சாட்சியையும் நானே தொடச்சிட்டேன்.”

ஆல்கஹாலும் பல் பிரஷ்ஷும் வைத்துச் சுத்தம் செய்தோம். சாக்கெட்டை மாற்றினேன். சிப்பின் கால்களை அம்மா ஒவ்வொன்றாகத் துடைத்தாள், இம்முறை அடியிலும். மறுநாள் காலை, காற்றில் ஈரம் சொட்டும் வேளையில், வேண்டுமென்றே சுவிட்சைப் போட்டோம். அந்தச் சிறு பெட்டியின் விளக்கு சிமிட்டியது. திரையில் A வந்தது. பக்கத்தில் அம்பு முனை.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, ஒற்றை விரலால் தன் பெயரை அடித்து என்டரைத் தட்டினாள். அந்த ஓஎஸ்ஸுக்குத் தெரியாத சொல்லைக் கொடுத்தால், அதையே ஒரு கேள்விக்குறியோடு திருப்பி எழுதும். எழுதியது. ஜெபசுதா?

“ஆமா” என்றாள் அம்மா. “நான்தான்.”

பிறகு பவுல் சாரைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

“சார், அந்த போர்டு ஓடுது. A வந்துட்டு.”

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“எரியலையா?” என்றார் சார்.

“எரியல சார். அன்னைக்கே சொன்னேன்லா.”

“சொன்ன. சொன்னம்மா.” இருமினார். “நான் தப்பாச் சொல்லிட்டேன். எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன். அது சரி, கோளாறு என்ன?”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

“நேர்ல வந்து சொல்லுதேன் சார். போர்டையும் கொண்டு வாரேன்.”

“சீக்கிரம் வா. கோளாறு தெரியாம எனக்கு உறக்கம் வராது.”

போனை வைத்தாள். எந்த வார்த்தைக்காக இத்தனை வருடம் காத்திருந்தாளோ அது கிடைத்துவிட்டது. கிடைத்த நேரத்தில் அதற்கு அவளுக்குப் பாதிதான் உரிமை இருந்தது.

“உப்புக்காத்துன்னு சொல்லிருவோம்” என்றேன்.

“பவுல் சார்ட்டயா? ஏன் ஒரு சிப்புல மட்டும்னு கேப்பாரு. பேப்பர எடுத்து சர்க்யூட்டப் போடச் சொல்லுவாரு. பொய்க்கு சர்க்யூட் போட எனக்கு வராது.”

“அப்போ உண்மையச் சொல்லு.”

“உபதேசியார் மவ பொட்டு வைக்கச் சொன்னான்னு சபை முழுக்கச் சொல்லிருவாரு. எரிச்சவங்கற பேரு போயி இது நிக்கும்.” கொஞ்சம் யோசித்தாள். “அதுகூடப் பரவால்ல. நல்ல தமாஷுதான். சீனியக்காதான் பிரச்சின.”

“பெரியம்மைக்கு என்ன?”

“அவ வச்ச பொட்டாலதான் என்னக் கம்ப்யூட்டர் லேப்புக்கு அனுப்பலன்னு தெரிஞ்சா, தாங்கமாட்டா. அவகிட்ட மட்டும் வாயத் தொறந்தியோ, கொன்னுருவேன்.”

“சாரு வேற யார்ட்டயாவது சொல்லி அவங்க காதுக்கு வந்தா?”

“வராத மாதிரி சாருகிட்ட எப்படிச் சொல்லணும்னு எனக்குத் தெரியும்.”

“எப்படி?”

“அங்கன போயி சொல்லுதேன். நீ காரு ஓட்டுனாப் போதும்.”

அடுத்த புதன்கிழமை போவதாக இருந்தது. அதற்கு முன்னால்தான் அந்தக் காலை வந்தது.

பவுல் சாரால் அடக்கத்துக்கு வர முடியவில்லை. போனில் ஜெபம் செய்தார். ஆமென் சொன்ன பிறகும் வைக்கவில்லை. “போர்டு ஓடிச்சுன்னு எல்லாருக்கும் சொல்லிட்டேம்மா. பழைய ஸ்டாஃப் ஒருத்தர் விடாமச் சொல்லிட்டேன், நான்தான் தப்பு, ஜெபசுதா எரிக்கலன்னு.” மறுபடி இருமினார். “கோளாறு என்னன்னு அவ சொல்லவே இல்லியே.”

“நேர்ல வந்து சொல்லுதேன் சார்” என்றேன். அம்மாவின் வாக்கியம் அப்படியே வந்துவிட்டது.

போன வாரம் சீனித்தாய் பெரியம்மையின் கடைக்குத் தீப்பெட்டி வாங்கப் போனேன். தீப்பெட்டியை எடுத்துக் கொடுக்காமல் கல்லாவை விட்டு வெளியே வந்தாள்.

“ஏளா, சாத்தான்குளம் எப்பப் போறோம்?”

“போறோமா?”

“பின்ன? நான் வரலியா? டீச்சர் போவாத எடத்துக்கு நான்தான போவணும். அந்த மனுசன் மூஞ்சிக்கு நேரா ஒண்ணு சொல்லணும்.” குரலைத் தணித்துக்கொண்டாள். கடையில் வேறு யாரும் இல்லை. “இத நான் ஒரு மனுசர்ட்டயும் சொன்னதில்ல. சபைக்காரவுகளுக்குத் தெரிஞ்சா ஒங்கம்மைக்குச் சங்கடம்லா. இனி என்ன இருக்கு. அந்தப் பலகைக்கு நான் பொட்டு வச்சிருக்கேன். ஒங்கம்மைதான் வைக்கச் சொன்னா. எல்லாத்துக்கும் ஒரு பொட்டுன்னா, அதுக்கு ரெண்டு. நல்லாக் கொழச்சு வச்சேன்.”

நான் தீப்பெட்டி அடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அது சும்மா போவுமா? அந்தாளு எரிஞ்சு போச்சுன்னு மூலையில தூக்கிப் போட்டாரு. இம்புட்டு வருஷம் கழிச்சும் ஓடுதுன்னா அந்தப் பொட்டு காத்ததுதான். அத அவருகிட்டச் சொல்லணும்.”

சொல்லிவிடுவாள். உட்கார்ந்து காப்பி வருவதற்குள் சொல்லிவிடுவாள். பவுல் சார் முழங்காலைத் தடவிக்கொண்டே எந்த சிப் என்று கேட்பார். பெரியம்மை விரலால் தொட்டுக் காட்டுவாள். அவ்வளவு போதும் அவருக்கு. அவர் முகத்தைப் பார்த்தால் பெரியம்மைக்கும் விளங்கிவிடும். கடை நடத்துகிறவள், முகம் படிக்கத் தெரிந்தவள்.

“புதன்கெழம போவோமா?” என்றாள்.

“கார் சர்வீசுக்குப் போயிருக்கு பெரியம்மை.”

“போன வாரமும் அதத்தான சொன்ன. காருக்கு என்ன, நெஞ்சுவலியா?”

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு எங்கே போய் முடிந்தது என்று எழுதவேண்டியதில்லை.

இந்தப் புதன்கிழமை என்று சொல்லியிருக்கிறேன். அம்மா சாரிடம் என்ன சொல்வதாக இருந்தாள் என்று வண்டி ஓட்டும்போதாவது எனக்குத் தோன்றவேண்டும். சாத்தான்குளம் ஒன்றும் அவ்வளவு தூரம் இல்லை.